கோப்பைக் குறிப்பேட்டுக்குள் வைப்பதா, வெளியே வைத்துச் சுட்டுவதா? ஒரு சிறு ஆய்வுகூடத்துக்கான ஒப்பீடு

திருகோணமலையில் நீரையும் கடற்கரை மணலையும் பவளப் பாறைகளையும் ஆராயும் ஒரு சிறு ஆய்வுகூடத்தை எடுத்துக்கொள்வோம். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலிருந்து வரும் நீர் மாதிரிகள், மகாவலி கொட்டியாரக் குடாவில் கலக்கும் இடத்தில் எடுக்கப்படும் நீர், புல்மோட்டையின் இல்மனைற்று மணல், நிலாவெளிக்கு எதிரே கடலில் கிடக்கும் புறாத்தீவின் பவளப் படங்கள் எனப் பலவகைப்பட்டவை அங்கு வந்து சேரும். தாளில் எழுதிவந்த குறிப்பேட்டை விட்டு மின்னணு ஆய்வுக் குறிப்பேட்டுக்கு மாறுவதென அத்தகைய ஆய்வுகூடம் தீர்மானித்ததும், எந்த மென்பொருள் சிறந்தது என்ற விவாதமே முதலில் எழுவது வழக்கம். எழுதும் பக்கம் எப்படி இருக்கிறது, வார்ப்புருக்கள் உள்ளனவா, தமிழில் தட்டெழுத முடியுமா என்றெல்லாம் பார்ப்பார்கள். கருவிகளிலிருந்தும் கமராக்களிலிருந்தும் வரும் கோப்புகள் எங்கே இருக்கும், அவற்றை யார் மாற்ற முடியும், சில ஆண்டுகளின் பின் அதே கோப்பு அதே நிலையில் கிடைக்குமா என்ற கேள்விகள் பிந்தியே வரும். பெரும்பாலும் ஏதாவதொரு கோப்பு காணாமற்போன பிறகே வரும்.

கோப்பை வைப்பதற்கு நடைமுறையில் நான்கு வழிகள் உண்டு. குறிப்பேட்டிலுள்ள பதிவோடேயே கோப்பை இணைத்து, அதை மென்பொருளின் பொறுப்பில் விட்டுவிடலாம். ஆய்வுகூடத்தின் பொதுச் சேமிப்பகத்தில் கோப்பை வைத்து, அதன் இருப்பிடத்தை மட்டும் பதிவில் எழுதலாம். கூகுள் ட்ரைவ் போன்ற மேகச் சேமிப்பில் ஏற்றி, லிங்க் எனப்படும் சுட்டியைப் பதிவில் ஒட்டலாம். வேலை முடிந்து கட்டுரை வெளிவரும் கட்டத்தில், பொது ஆய்வுத் தரவுக் களஞ்சியம் ஒன்றில் வைப்பிலிட்டு அதன் நிலையான அடையாள எண்ணைக் குறிக்கலாம். இந்த நான்கில் ஒன்றை மட்டும் தெரிந்தெடுத்து எல்லாக் கோப்புகளுக்கும் அதையே விதியாக்குவது இலகுவாகத் தோன்றினாலும், அது நிலைக்காது என்பதே என் கருத்து. இணைக்கக்கூடிய பருமனுள்ள எதையும் பதிவோடு இணைக்க வேண்டும்; பருமன் இடங்கொடாததை மட்டும் வெளியே வைக்க வேண்டும்; அப்படி வெளியே வைக்கும் எதற்கும் அதன் சரிபார்ப்புக் குறியை, அதாவது கோப்பு மாறினால் தானும் மாறிவிடும் ஒரு குறியை, பதிவில் எழுத வேண்டும். மேகச் சுட்டியைச் சான்றாகக் கொள்ளவே கூடாது.

பருமன் எவ்வளவு?

இந்த விடயத்தில் ஊகத்தை விடக் கணக்கு நல்லது. ஒரு நிறமாலைமானி 200 முதல் 800 நனோமீற்றர் வரை ஒவ்வொரு நனோமீற்றருக்கும் ஓர் அளவீடு தருமாயின் 601 வரிகள் கிடைக்கும். அதைக் காற்புள்ளியால் பிரித்த உரைக்கோப்பாகச் சேமித்தால் சில கிலோபைட்டுகளுக்கு மேல் போகாது. புல்மோட்டை மணலுக்கு எக்ஸ் கதிர் விளிம்புவளைவுச் சோதனை செய்து, 10 பாகையிலிருந்து 80 பாகை வரை 0.02 பாகைப் படிகளில் அளந்தாலும் 3,501 புள்ளிகளே. அதுவும் ஒரு மெகாபைட்டைத் தொடாது. இவ்வகைக் கோப்புகள் ஓராண்டு முழுவதும் சேர்ந்தாலும் ஒரு பழைய பென் டிரைவில் அடங்கிவிடும்.

பவளத்தின் கணக்கு வேறு. நொடிக்கு 60 மெகாபிட் வீதத்தில் 4கே தரத்தில் பதியும் நீர்க்காப்புக் கமரா ஒன்று நிமிடத்துக்கு 450 மெகாபைட் எழுதுகிறது. ஒரு நேர்கோட்டின் வழியே பத்து நிமிடம் நீந்திப் பதிந்தால் 4.5 ஜிகாபைட். ஏற்றும் வேகம் நொடிக்கு 10 மெகாபிட்டாக உள்ள இணைய வசதியில், வேறெவரும் பயன்படுத்தாதபோதுகூட, அந்த ஒரு பதிவை மேகத்துக்கு அனுப்ப ஒரு மணித்தியாலம் பிடிக்கும். ஃபேட்32 முறையில் ஒழுங்கமைக்கப்பட்ட அட்டையோ வன்தட்டோ 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட தனிக் கோப்பை ஏற்காது என்பதால், கமராக்கள் ஒரே பதிவைத் துண்டு துண்டாக எழுதுவதும் உண்டு. ஆகவே ஒரு நீச்சலுக்கு இரண்டு மூன்று கோப்புகள் வரக்கூடும், அவற்றின் வரிசையும் முக்கியமாகிவிடும்.

ஆய்வுகூடத்தின் கோப்புகளில் எண்ணிக்கையால் மிகப் பெரும்பாலானவை சிறியவை, பருமனால் மிகப் பெரும்பகுதி ஒரு சில வகைக் கோப்புகளுக்கே உரியது. இந்தப் பிளவே கீழேயுள்ள ஒப்பீட்டின் அடிப்படை.

பதிவோடு இணைத்தல்

இணைத்தல் என்றால் கோப்பின் ஒரு பிரதி குறிப்பேட்டின் சேவையகத்துக்குப் போய், குறிப்பிட்ட பரிசோதனைப் பதிவின் பகுதியாகிவிடுகிறது. பாரிசிலுள்ள கியூரி நிறுவனத்தில் பணியாற்றிய நிக்கொலா கார்ப்பி 2012 முதல் உருவாக்கிவரும் ஈலேப்-எஃப்டிடபிள்யூ என்ற திறந்தமூல மென்பொருளை உதாரணமாகக் கொள்ளலாம். இலவசமாகவும் சொந்தச் சேவையகத்தில் நிறுவத்தக்கதாகவும் இருப்பதால் நமது வளாகங்களுக்கு எட்டக்கூடியது. அதில் கோப்பைப் பதிவின் மேல் இழுத்துவிட்டால் அது ஏறுகிறது. ஏறும்போதே அதன் ஹாஷ், அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும் சரிபார்ப்புக் குறி, சேமிக்கப்படுகிறது. எஸ்.எச்.ஏ.-256 முறையில் கணித்தால் அந்தக் குறி 64 எழுத்துகள் நீளமானது. கோப்பில் ஒரேயொரு தசமப் புள்ளி மாறினாலும் குறி முழுவதும் வேறாகிவிடும். அதே இடத்தில் புதிய கோப்பை வைத்தால் பழையது அழிந்துபோகாமல் காப்பக நிலைக்குத் தள்ளப்படுகிறது.

இதன் பெறுமதியை ஓர் எளிய சம்பவத்தால் காட்டலாம். கன்னியாவின் ஏழாவது கிணற்றின் இரண்டாவது மாதிரிக்கு மாணவர் ஒருவர் 7-2 எனப் பெயரிடுகிறார். கருவி அந்தப் பெயரை உரைக்கோப்பில் அப்படியே எழுதுகிறது. அக்கோப்பு பொதுச் சேமிப்பகத்தில் கிடக்கும்போது இன்னொருவர் அதை எக்செல்லில் திறக்கிறார்; எக்செல் 7-2 என்பதைத் திகதியாக எடுத்துக்கொள்கிறது, கணினியின் பிராந்திய அமைப்பைப் பொறுத்து பெப்ரவரி 7 என்றோ ஜூலை 2 என்றோ காட்டுகிறது. அவர் நிரலை அகலமாக்கிவிட்டு, மூடும்போது சேமிக்கவா என்று கேட்டதற்கு ஆம் என்கிறார். மூலக்கோப்பில் மாதிரியின் பெயர் இனி இல்லை. எவரும் மோசடி செய்யவில்லை, எந்தக் கருவியும் பழுதாகவில்லை. எனினும் ஏழு கிணறுகளின் மாதிரிப் பெயர்களும் திகதிகளாக மாறிக் கிடக்கின்றன. பதிவோடு இணைக்கப்பட்ட கோப்பில் இது நடவாது, ஏனெனில் திறப்பவர் தரவிறக்கிய பிரதியையே திறக்கிறார். அவர் சேமிப்பது தமது கணினியிலுள்ள பிரதியில்தான். மாற்றியதை மீண்டும் ஏற்றினால் அது புதிய கோப்பாகப் புதிய குறியோடு வரும்.

இன்னொரு நன்மை நேரமுத்திரையோடு, அதாவது பதிவு இன்ன நேரத்தில் இதே நிலையில் இருந்தது என்பதற்கான மின்னணுச் சான்றோடு, தொடர்புடையது. ஆர்.எஃப்.சி. 3161 என்ற நியமத்தின்படி வெளியார் ஒருவரின் சேவையகம் பதிவுக்கு நேரமுத்திரை இடும்போது, பதிவின் உள்ளடக்கத்தில் இணைக்கப்பட்ட கோப்புகளின் ஹாஷ் குறிகளும் அடங்கியிருந்தால், அந்த முத்திரை கோப்புகளையும் சேர்த்தே கட்டிவிடுகிறது. ஒரு கண்டுபிடிப்புக்கு உரிமை கோரும் தறுவாயிலோ, ஆய்வேட்டின் தரவு பற்றிக் கேள்வி எழும்போதோ இது உதவும்.

குறைகளும் உள. ஏற்றக்கூடிய உச்சப் பருமனைச் சேவையக நிர்வாகி நிர்ணயிக்கிறார். அதை உயர்த்த முடியுமென்றாலும், உலாவி வழியாக 4.5 ஜிகாபைட்டை ஏற்றும்போது இடையில் இணைப்பு அறுந்தால் பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். கருவி நிறுவனங்களின் தனிவடிவக் கோப்புகளை குறிப்பேடு திறந்து காட்டாது. எனவே தனிவடிவ மூலக்கோப்பையும், எவரும் வாசிக்கக்கூடிய உரைக்கோப்பையும் சேர்த்தே இணைக்க வேண்டும். கருவிக்குரிய மென்பொருளின் உரிமம் காலாவதியான பிறகு முன்னதைத் திறக்க வழியிருக்காது, பின்னதில் கருவியின் அமைப்புத் தகவல்கள் பல விடுபட்டிருக்கும்.

காப்புப்பிரதி விடயத்தில்தான் அறியாமல் விழும் குழி இருக்கிறது. ஈலேப்-எஃப்டிடபிள்யூ கோப்புகளைச் சேவையகத்தின் வன்தட்டில் நீண்ட தற்செயல் எழுத்துக்களாலான பெயர்களோடு, இரண்டெழுத்து உட்கோப்புறைகளில் பிரித்து வைக்கிறது. மாணவர் வைத்த பெயரும், கோப்பு எந்தப் பரிசோதனைக்கு உரியது என்ற விவரமும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் தனியே இருக்கின்றன. கோப்புறையை மட்டும் வெளி வன்தட்டுக்கு நகலெடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவரிடம், சேவையகம் பழுதாகும் நாளில், எது எதனுடையது என்று சொல்ல முடியாத ஆயிரக்கணக்கான கோப்புகள் எஞ்சும். தரவுத்தளமும் கோப்புறையும் ஒரே வேளையில், ஒன்றாகப் பிரதியெடுக்கப்பட வேண்டும். இதைச் செய்யத் தெரிந்தவர் ஆய்வுகூடத்திலோ வளாகத்தின் கணினிப் பிரிவிலோ ஒருவராவது இல்லாவிட்டால், இலவச மென்பொருள் இலவசமாக இருப்பதில் பயனில்லை. கட்டணச் சேவையொன்றை நாடினால் அந்தப் பாரம் குறையும். ஆனால் சந்தா டொலரில் வரும், சேமிப்பிடம் கூடக் கட்டணமும் கூடும். 2022இல் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியதைப் பார்த்தவர்கள், பாதீட்டில் அந்த வரியை எழுதுமுன் சற்றுத் தயங்குவது இயல்பே.

பொதுச் சேமிப்பகத்தில் வைத்தல்

நாஸ் எனப்படும் வலையமைப்புச் சேமிப்பகம் ஒன்றை ஆய்வுகூடத்தில் வைத்து, பெரிய கோப்புகளை அதில் இடுவது இரண்டாவது வழி. வேகம் அதன் பெரும்பலம். வளாகத்துக்கு உள்ளேயான வலையமைப்பில் ஒரு வீடியோ சில நிமிடங்களுக்குள் போய்ச் சேரும். இணையம் இல்லாத நாளிலும் வேலை நடக்கும். ஆர்ஸ்பேஸ் போன்ற சில குறிப்பேடுகள் நிறுவனத்தின் சேமிப்பகத்தை நேரடியாகத் தொடுத்து, கோப்பைப் பிரதியெடுக்காமலே பதிவிலிருந்து சுட்ட வசதி தருகின்றன. அத்தகைய வசதி இல்லாத குறிப்பேடுகளில் இருப்பிடத்தைக் கையால் எழுத வேண்டும்.

கையால் எழுதுவதில் மூன்று சிக்கல்கள் தவறாமல் வருகின்றன. முதலாவது, குறிப்பேடு உலாவியில் திறப்பது என்பதால், உள்வலையமைப்புக் கோப்பின் பாதையைச் சுட்டியாக ஒட்டினாலும் அழுத்தியவுடன் திறக்காது. இணையப் பக்கத்திலிருந்து கணினியின் கோப்புகளைத் திறப்பதை உலாவிகள் பாதுகாப்புக் கருதித் தடுக்கின்றன. பாதையைப் பிரதியெடுத்து வேறு சாளரத்தில் ஒட்டித்தான் போக வேண்டும். இரண்டாவது, ஒரு கணினியில் இசட் என்ற எழுத்தால் தெரியும் அதே சேமிப்பகம் இன்னொன்றில் ஒய் என்று தெரியலாம். ஆகவே ட்ரைவ் எழுத்தை எழுதாமல் சேமிப்பகத்தின் வலையமைப்புப் பெயரோடு முழுப் பாதையையும் எழுத வேண்டும். மூன்றாவதே பாரதூரமானது: நல்லெண்ணத்தோடு கோப்புறைகளை ஒழுங்குபடுத்தும் ஒருவர் பெயரொன்றை மாற்றினால், அதைச் சுட்டும் பதிவுகள் அத்தனையும் ஓசையில்லாமல் அறுந்துவிடும். குறிப்பேட்டுக்கு அது தெரியவராது.

எனவே சேமிப்பகத்தைப் பயன்படுத்துவதென்றால், மூலக்கோப்புகளுக்கான பகுதியை எல்லோரும் வாசிக்கலாம், எவரும் மாற்றக்கூடாது என்ற நிலையில் வைக்க வேண்டும். இடுவதற்கான உரிமை ஆய்வுகூடப் பொறுப்பாளருக்கோ, தானாக இயங்கும் நிரலுக்கோ மட்டும் இருக்கட்டும். ஒவ்வொரு கோப்பின் ஹாஷ் குறியையும் கணித்து, அதைக் குறிப்பேட்டின் பதிவில் எழுத வேண்டும். விண்டோஸ் கணினியில் பவர்ஷெல்லின் கெட்-ஃபைல்ஹாஷ் என்ற கட்டளை இதைச் செய்துவிடும். வேறு குறிப்பிடாவிட்டால் அது எஸ்.எச்.ஏ.-256 முறையிலேயே கணிக்கிறது. அந்தக் குறிகளின் பட்டியலைக் கோப்புகள் இருக்கும் அதே கோப்புறையில் மட்டும் போட்டுவைப்பது, திறப்பைப் பூட்டிலேயே தொங்கவிடுவது போன்றது. பட்டியல் குறிப்பேட்டின் பக்கத்தில் இருந்தால்தான், கோப்பு இடம் மாறினாலும் பெயர் மாறினாலும் இதுவே அது என்று பின்னர் நிறுவ முடியும். சொல்லப்போனால், பாதை தொலைந்தாலும் குறி இருந்தால் கோப்பைத் தேடிக் கண்டுபிடிக்கலாம். பாதை இருந்து குறி இல்லையென்றால், கிடைத்த கோப்பு அன்று பதிந்ததுதானா என்று எவராலும் சொல்ல முடியாது.

மின்சாரத்தையும் காலநிலையையும் இங்கே கணக்கில் எடுக்க வேண்டும். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை துணைமின் நிலையத்தில் குரங்கொன்று பாய்ந்ததைத் தொடர்ந்து நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. கோப்பு எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் அரைகுறைக் கோப்பு, முழுப் பெயரோடு, முழுமையானது போலவே கிடக்கும். அதைக் கண்டுபிடிக்கவும் ஹாஷ் குறிதான் வழி. தடையில்லா மின்வழங்கி இல்லாமல் நாஸ் வாங்குவது அரைவேலை. இரண்டு வன்தட்டுகளில் ஒரே தரவை எழுதும் ரெய்டு அமைப்பைக் காப்புப்பிரதியென்று விற்பனையாளர்கள் சொல்வதையும் நம்பக் கூடாது. ஒரு தட்டு பழுதானால் அது காக்கும், தவறுதலாக அழிக்கப்பட்ட கோப்பு இரண்டு தட்டுகளிலும் ஒரே கணத்தில் அழிந்துவிடும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி புரேவி சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தது. கடலோரக் கட்டடம் ஒன்றில் சேவையகம், நாஸ், வெளி வன்தட்டு மூன்றும் ஒரே மேசையில் இருந்தால், கூரை ஒழுகும் ஓர் இரவுக்கு அவை மூன்றும் ஒன்றே. மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறு இடத்தில் என்ற பழைய விதி இங்கே அலங்காரத்துக்குச் சொல்லப்படுவதில்லை.

மேகச் சுட்டி

பெரும்பாலானோர் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பது இதுதான் என்பதால், இதைத் தள்ளிவைக்கச் சொல்வது எளிதாக ஏற்கப்படாது. கைத்தொலைபேசியிலிருந்து ஏற்றலாம், கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள மேற்பார்வையாளர் உடனே பார்க்கலாம், எதையும் நிறுவ வேண்டியதில்லை. பகிர்வதற்கு இதைவிட வசதியானது கிடையாது.

சான்றாக வைப்பதற்கு அது ஏன் பொருந்தாது என்பதற்குக் காரணம், கோப்பின் ஆயுள் ஒருவரின் கணக்கோடு பிணைக்கப்பட்டிருப்பதே. மாணவர் பட்டம் பெற்று வெளியேறும்போது வளாகக் கணக்கு மூடப்படலாம். தனிப்பட்ட கணக்கென்றால், இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத கணக்குகளை நீக்கும் கொள்கையைக் கூகுள் 2023இல் அறிவித்து அவ்வாண்டு டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்தியது. இலவசக் கணக்கின் 15 ஜிகாபைட் மின்னஞ்சலோடும் படங்களோடும் பகிரப்படுவது; மேலே கணித்த பவள வீடியோ மூன்று வைத்தாலே ஏறத்தாழ நிரம்பிவிடும். கல்வி நிறுவனங்களுக்கு அளித்திருந்த வரையற்ற சேமிப்பையும் கூகுள் 2022இல் முடிவுக்குக் கொண்டுவந்து, நிறுவனத்துக்கு மொத்தமாக 100 டெராபைட் என வரையறுத்தது.

கூகுள் ஷீட்ஸ் விரிதாளைச் சுட்டுவதில் இதைவிட நுட்பமான ஆபத்து உண்டு. அது உண்மையில் ஒரு கோப்பே அன்று. ஒவ்வொரு முறையும் தரவிறக்கும்போது அந்தக் கணத்தின் நிலையிலிருந்து புதிதாக உருவாக்கப்படுவது. அதற்கு ஹாஷ் குறி எழுதிவைப்பதில் பொருளில்லை. பரிசோதனை நாளில் மேற்பார்வையாளர் பார்த்து ஒப்பமிட்ட எண்களும், இன்று அதே சுட்டி காட்டும் எண்களும் ஒன்றா என்று அறிய, திருத்த வரலாற்றைத் தோண்ட வேண்டியிருக்கும். அத்தகைய விரிதாளைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால், முடிவெடுத்த நாளில் அதை எக்செல் கோப்பாகத் தரவிறக்கி, அந்தக் கோப்பைப் பதிவோடு இணைப்பதே வழி.

மேகத்தில் இருக்கிறது என்பதே பாதுகாப்பு ஆகாது என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2023 ஓகஸ்டில் அரசாங்கத்தின் மேகக் கணினித் தொகுதி கப்பம் கோரும் தீநிரலால் தாக்கப்பட்டபோது, மே மாத நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் இறுதிவரையான அரசாங்க மின்னஞ்சல்கள் மீளக் கிடைக்காமற் போயின. அக்காலப்பகுதிக்கு வலையமைப்பிலிருந்து பிரித்து வைக்கப்பட்ட காப்புப்பிரதி இருக்கவில்லை. மேகத்தை நாம் பயன்படுத்தத்தான் வேண்டும், ஆனால் நாஸிலுள்ளவற்றின் மறைகுறியாக்கப்பட்ட தூரப் பிரதியை வைக்கும் இடமாக. அப்போது ஏற்றுவதற்கு ஒரு மணித்தியாலம் பிடிப்பதும் சிக்கலில்லை. இரவில் தானாக நடக்கட்டும்.

களஞ்சியத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐரோப்பிய அணு ஆய்வு நிறுவனமான சேர்ன் 2013 முதல் நடத்திவரும் செனோடோ ஒரு பதிவுக்கு 50 ஜிகாபைட் வரை இலவசமாக ஏற்று, நிலையான அடையாள எண் தருகிறது. வெளியிடத் தயாரான தரவுக்கு அது மிகச் சிறந்தது, அன்றாட வேலைக்குரியதன்று.

பெயரும் விவரமும்

எந்த வழியைத் தெரிந்தாலும், ஏற்றுவதற்கு முன்பே கோப்பு கெட்டுப்போகும் சில பழக்கங்கள் நம்மிடையே உள்ளன. அவற்றுள் முதன்மையானது வாட்ஸ்அப். களத்தில் எடுத்த படத்தை ஆய்வுகூடக் குழுவுக்கு அனுப்பி, அங்கிருந்து எடுத்துக் குறிப்பேட்டில் இணைப்பது வழமையாகிவிட்டது. படமாக அனுப்பும்போது வாட்ஸ்அப் அதைச் சுருக்குகிறது. எடுத்த நேரம், அமைவிடம், கமராவின் அமைப்பு ஆகியவற்றைக் கொண்ட உட்பொதிந்த தகவலையும் நீக்கிவிடுகிறது. புறாத்தீவில் எந்தக் கட்டத்தில் எடுத்த பவளம் என்பதை அந்த அமைவிடம்தான் சொல்லும். ஆவணமாக அனுப்பினால் கோப்பு மாறாமல் வரும். கமரா அட்டையிலிருந்தே எடுப்பது இன்னும் நல்லது. படத்தைப் பதிவின் எழுத்துக்கு நடுவே ஒட்டுவதும் இப்படித்தான்: பார்வைக்கு ஒரு சிறு படம் ஒட்டலாம், மூலப்படம் தனியே இணைக்கப்பட்டிருக்க வேண்டும்.

கோப்புப் பெயர்களைத் தமிழில் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், இப்போதைக்கு வேண்டாம் என்பதே. ஒருங்குறியில் ‘கொ’ என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றாக, அல்லது எகரக் குறியும் கால் குறியுமாக இரண்டாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் கொட்டியாரம் எனத் தொடங்கும் கோப்பொன்றை ஒரு கணினியில் பெயரிட்டு, வேறு முறையைப் பின்பற்றும் இன்னொரு கணினியின் வழியாகப் பிரதியெடுத்தால், தேடும்போது அகப்படாமல் போகலாம். ஆகவே பெயரில் ஐ.எஸ்.ஓ. 8601 முறைப்படி ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் திகதியும், அதன்பின் இடக்குறியும் மாதிரி எண்ணும் கருவியின் குறியும் இலத்தீன் எழுத்தில் இருக்கட்டும். அப்படி வைத்தால் கோப்புகள் தாமாகவே கால ஒழுங்கில் நிற்கும். மாதிரி எடுத்தபோது வற்றுப்பெருக்கு எப்படி இருந்தது, முதல்நாள் மழை பெய்ததா, எந்தக் குடுவை என்பன போன்றவற்றைக் கோப்புக்குரிய குறிப்புப் பெட்டியில் தமிழிலேயே விரிவாக எழுதலாம். ‘இறுதி’, ‘புதிய இறுதி’ என்ற பெயர்களுக்குத் தேவை இருக்காது. பதிப்புகளை வேறுபடுத்தும் வேலையைக் குறிப்பேடே செய்யும்.

ஆட்களைப் பற்றிய தரவு இருந்தால் ஒப்பீடு மாறிவிடும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவமும் கற்பிக்கப்படுகிறது; நோயாளரின் நாடி, மருந்து, இரத்தப் பரிசோதனை முடிவு ஆகியவை கோப்புகளாக வரும் ஆய்வுகள் அங்கு நடக்கக்கூடியவை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தரவைச் சிறப்பு வகையாகக் கருதுகிறது. அத்தகைய கோப்புகளில் பெயரை நீக்கிக் குறியீட்டு எண்ணை மட்டும் வைத்து, குறியீட்டுப் பட்டியலைக் குறிப்பேட்டுக்கு வெளியே பூட்டிய இடத்தில் வைப்பது அவசியம். சுட்டி இருக்கும் எவரும் பார்க்கலாம் என்ற மேகப் பகிர்வு இவற்றுக்கு அறவே ஆகாது.

எங்கள் ஊர் ஆய்வுகூடத்துக்கு

மேற்சொன்ன ஆய்வுகூடத்துக்கு நான் பரிந்துரைப்பது இதுதான். 100 மெகாபைட்டுக்கு உட்பட்ட எல்லாக் கோப்புகளும், கருவியிலிருந்து வந்த நிலையிலேயே, அன்றைக்கே பதிவோடு இணைக்கப்படட்டும். பவள வீடியோக்களும் அவை போன்ற பெரியவையும் வாசிக்க மட்டுமான நாஸ் பகுதிக்குப் போகட்டும். பதிவில் முழுப் பாதை, ஹாஷ் குறி, துண்டுகளின் ஒழுங்கு, அத்துடன் வீடியோவிலிருந்து எடுத்த சில நிலைப்படங்கள் இருக்கட்டும். நிலைப்படங்களைச் சேர்க்கச் சொல்வதற்குக் காரணம், பதிவைப் படிப்பவர் பெரும்பாலான வேளைகளில் முழு வீடியோவைத் தேடிப் போகத் தேவையில்லை என்பதே. அழிக்கும் உரிமை மாணவர்களுக்கு வேண்டாம். இதைக் கடுமை என்று சிலர் கருதலாம். தவறாக ஏற்றியதைத் தவறு என்று குறிப்பெழுதி விட்டுவைப்பதால் ஒரு நட்டமும் இல்லை. தாள் குறிப்பேட்டிலும் பிழையை ஒரு கோட்டால் வெட்டிச் சுருக்கொப்பம் வைத்தோமே தவிர, பக்கத்தைக் கிழிக்கவில்லை.

மென்பொருளை உறுதிசெய்வதற்கு முன் இரண்டு சோதனைகளைச் செய்து பார்ப்பது நல்லது. ஒரு நிறமாலைக் கோப்பு, ஒரு மூலப்படம், ஒரு வெளிப் பாதை ஆகிய மூன்றையும் கொண்ட மாதிரிப் பதிவொன்றை உருவாக்கி, அதை ஏற்றுமதி செய்து, இணையமும் குறிப்பேடும் இல்லாத வேறொரு மடிக்கணினியில் திறந்து பாருங்கள். கோப்புகள் மூலப்பெயர்களோடு வருகின்றனவா, ஹாஷ் குறிகள் பொருந்துகின்றனவா, பதிவின் எழுத்தைச் சாதாரண உலாவியில் வாசிக்க முடிகிறதா என்று கவனியுங்கள். பல குறிப்பேடுகள் இணைந்து வகுத்த .ஈஎல்என் என்ற பொது ஏற்றுமதி வடிவம் அடிப்படையில் ஒரு ஸிப் கோப்புத்தான். அதைத் தரும் மென்பொருளிலிருந்து பின்னாளில் வேறொன்றுக்கு மாறுவது ஒப்பீட்டளவில் எளிது. இரண்டாவது சோதனை காப்புப்பிரதிக்கு: சேவையகத்தை நிறுவியவரல்லாத ஒருவர், எழுதிவைக்கப்பட்ட குறிப்பை மட்டும் பார்த்து, வேறு கணினியில் தரவுத்தளத்தையும் கோப்புறையையும் மீட்டெடுத்து, ஏதாவதொரு பழைய பதிவின் கோப்பைத் திறந்து காட்ட வேண்டும். இதை ஆண்டுக்கு ஒருமுறை, வாடைக்காற்று மழை தொடங்குவதற்கு முன், செப்டம்பரில் செய்வது வசதி.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. கன்னியா நீர் மாதிரிகளின் சிறு கோப்புகளோடு தொடங்கி, இணைக்கும் பழக்கம் படிந்த பின் மணலையும், நாஸின் உரிமைகள் சரியாக அமைந்த பின் பவள வீடியோக்களையும் கொண்டுவரலாம். பழைய தாள் குறிப்பேடுகளைப் பக்கம் பக்கமாகத் தட்டெழுதுவதில் காலத்தைச் செலவிடாமல், ஸ்கேன் செய்து ஒரு குறிப்பேட்டுக்கு ஒரு பிடிஎஃப் என இணைத்து, காலப்பகுதியையும் எழுதியவரின் பெயரையும் குறிப்புப் பெட்டியில் இட்டுவிட்டால் போதும்.